நிழல் தோட்டத்துல குளிர்காலப் பூ: ஹெல்லிபோர் வளர்க்க முழு வழிகாட்டி

இங்கிலாந்துல வீடு பார்க்கும்போது நம்மாளுங்க பெட்ரூம் எத்தனை, ஸ்கூல் எவ்ளோ தூரம், ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாமான்னு எல்லாத்தையும் கேப்போம், தோட்டம் எந்தத் திசை பார்த்து இருக்குன்னு மட்டும் கேக்க விட்டுடுவோம். குடி வந்தப்புறம் தான் தெரியும், பின்பக்கம் வடக்கு பார்த்தது, அக்டோபர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் வீட்டோட நிழலே தோட்டத்துல பாதிய மூடிக்கிது, அங்க தக்காளியும் வராது மிளகாயும் வராது, புல்லு கூட பாசி பிடிச்சுக் கிடக்குன்னு. சரி ஸ்லாப் போட்டு மூடிடலாம்னு முடிவு பண்ணிடுறவங்க நிறைய பேரு. அப்படி முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி ஹெல்லிபோர்னு ஒரு செடி இருக்கு, அதுக்கு ஒரு வாய்ப்பு குடுங்க.

மத்ததெல்லாம் மண்ணுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிற ஜனவரி, பிப்ரவரியில இது பூக்கும். வெள்ளை, பச்சை, இளம் ரோஸ், மஞ்சள், நாவல்பழக் கலர், கிட்டத்தட்ட கறுப்பு வரைக்கும் இருக்கு, சிலதுல இதழ் உள்பக்கம் முழுக்க சிவப்புப் புள்ளி. ஒரு தடவ நல்லா வேர் பிடிச்சிடுச்சுன்னா பல வருஷம் அதே இடத்துல இருக்கும், வருஷா வருஷம் பூ அதிகமாகும். நம்மூர் சமவெளி வெயிலுக்கு இது ஆகாது, அதனால ஊருக்கு எடுத்துட்டுப் போற ஆசை வேண்டாம். பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி, சுவிஸ் பக்கம் இருக்கறவங்களுக்கு அப்படியே பொருந்தும், கனடாக்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு ரெண்டு மாத்தம் இருக்கு, அது வர்ற இடத்துல சொல்றேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ண மனசுல போட்டுக்கோங்க. குளிர்காலத்துல பூக்குற செடிங்கறதால எல்லாரும் குளிர்காலத்துல தான் இதத் திரும்பிப் பார்க்கறாங்க, ஆனா அடுத்த ஜனவரியில எத்தனை பூ வரும்ங்கறது அதுக்கு முந்தின கோடையிலயே முடிவாயிடும், ஏன்னா மொட்டு உருவாகுறது அப்போ தான். கீழ சொல்ற வேலைல பாதி அத வெச்சுத் தான்.

பூ ஏன் இத்தனை நாள் நிக்குது

ஹெல்லிபோர்ல சுமார் 20 இனம் இருக்கு, பெரும்பாலும் ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும், அதுலயும் பால்கன் மலைப்பகுதில தான் அதிகம். ஒரே ஒரு இனம் மட்டும் ரொம்ப தூரம் தள்ளி சீனால இருக்கு. காட்டோரம், மரத்தடி, சுண்ணாம்புப் பாறை சரிவு, இதெல்லாம் தான் அதோட சொந்த இடம், அத ஞாபகம் வெச்சாலே எங்க நடணும்ங்கற கேள்விக்கு பாதி பதில் கிடைச்சிடும்.

நாம இதழ்னு நினைக்கறது உண்மைல இதழ் இல்ல, புல்லிவட்டம். கத்தரிக்காய் காம்புல பச்சையா தொப்பி மாதிரி ஒட்டிட்டு இருக்கே, அந்த பாகம் தான் இங்க கலர் கலரா விரியுது. குனிஞ்சிருக்கற பூவ ஒரு விரலால தூக்கிப் பாருங்க, நடுவுல மகரந்தத்தாள் கூட்டம், அத சுத்தி சின்னச் சின்னக் குழாயா பச்சை நிறத்துல ஒரு வளையம் தெரியும், நிஜ இதழ் தேன் குழாயா மாறினது அது தான். தேனீ வந்து வேலை முடிஞ்சதும் அந்தக் குழாயும் தாளும் உதிர்ந்துடும், புல்லிவட்டம் உதிராது, ரெண்டு மாசம் கூட நிக்கும், மெதுவா பச்சையா மாறும். பிப்ரவரில வெளிய வர்ற பம்பிள்பீ ராணிகளுக்கு வேற சாப்பாடு ரொம்ப இருக்காது, ஓரளவு வெயில் அடிக்கிற மதியத்துல நின்னு பாருங்க, நேரா இந்தப் பூவுக்குத் தான் வரும்.

உங்க வீட்டு நிழல் எந்த நிழல்

நிழல்னா எல்லாம் ஒண்ணு இல்ல. இத சரியா பார்க்காம செடி வாங்கினா காசு வீண்.

ஆப்பிள் மரம், செர்ரி, பிர்ச் மாதிரி இலை உதிர்க்கிற மரத்தடி இருந்தா அது தான் முதல் தரமான இடம். குளிர்காலத்துல மேல இலை இல்லாததால வெளிச்சம் கீழ வரைக்கும் இறங்கும், செடி பூக்கும், மே மாசம் வெயில் ஏறும்போது மரமே குடை பிடிச்சிடும். வடக்கு பார்த்த சுவரோரம், ஃபென்ஸ் ஓரம் ரெண்டாவது, நேரடி வெயில் இல்லாட்டியும் தலைக்கு மேல வானம் திறந்திருந்தா போதும், பூ கொஞ்சம் கம்மியா வரும் ஆனா வரும். பக்கத்து வீட்டுக்காரங்க வேலிக்கு லேலண்டி, அதாவது இலை உதிர்க்காம அடர்த்தியா வளர்ற ஊசியிலை மரம், வளர்த்து வெச்சு அதுக்குக் கீழ வருஷம் முழுக்க இருட்டும் வறட்சியுமா இருந்தா அங்க பெரும்பாலான வகை திணறும், ஒரே ஒரு வகை மட்டும் தாங்கும், அது அடுத்த பகுதில.

நிழல விட ஆபத்து தண்ணி தேங்கறது. ஒரு அடி ஆழத்துக்கு குழி தோண்டி தண்ணி ஊத்திட்டு விடுங்க, மறுநாள் காலைல போய் பார்த்தா இன்னும் தண்ணி நிக்குதுன்னா அந்த இடம் அப்படியே சரிப்படாது, லண்டன் களிமண்ல இது சகஜம். அங்க மேடு கட்டி நடுங்க, இல்லாட்டி ரெய்ஸ்டு பெட். மேடா இருக்கறதுல இன்னொரு லாபமும் இருக்கு, இந்தப் பூ தலை குனிஞ்சு தான் இருக்கும், கொஞ்சம் உயரத்துல இருந்தா தான் முகம் தெரியும்.

அப்புறம் தோட்டத்துக் கடைசி மூலைல கொண்டு போய் நடாதீங்க. ஜனவரி மழையில அங்க யாரும் போகப் போறதில்ல. கிச்சன் ஜன்னல்ல நின்னா கண்ணுல படுற இடம், இல்ல வாசலுக்கு வர்ற பாதை ஓரம் பாருங்க.

எத வாங்கறது, எப்போ வாங்கறது

கிறிஸ்மஸ் ரோஸ்னு விக்கிறது ஹெல்லிபோரஸ் நைகர். ரோஜாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துச் செடி, வெள்ளைப் பூ, குட்டையா ஒரு அடிக்குள்ள இருக்கும், டிசம்பர்ல இருந்து பூக்கும். பார்க்க ரொம்ப அழகு தான், ஆனா முதல் செடியா இத வாங்காதீங்கன்னு தான் சொல்லுவேன், மண்ணு விஷயத்துல கொஞ்சம் பிகு பண்ணும், களிமண்ணும் ஈரமும் சேர்ந்தா அழுகிடும். டிசம்பர்ல சூப்பர்மார்க்கெட்ல கிஃப்ட் பேப்பர் சுத்தி விக்கிறதும் பெரும்பாலும் இது தான், கண்ணாடி வீட்டுக்குள்ள வளர்ந்து வந்தது, ஹீட்டர் போட்ட ரூம்ல வாரக்கணக்குல வெச்சா சோர்ந்து போயிடும். ரெண்டு மூணு நாள் வீட்டுக்குள்ள வெச்சுப் பார்த்துட்டு வெளிய வாசல்ல ஒதுக்குப்புறமா வெச்சுடுங்க, மார்ச் ஏப்ரல்ல தரைல நடலாம்.

முதல் செடின்னா ஹைப்ரிடஸ், அதாவது லென்டன் ரோஸ்னு சொல்ற தோட்டக் கலப்பினம். துருக்கி, காகசஸ் பக்கத்து ஓரியண்டாலிஸ் இனத்தையும் பால்கன் இனங்களையும் கலந்து உருவாக்கினது. பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரை பூக்கும், ஒன்றரை அடி உயரம், களிமண்ணையும் சகிச்சுக்கும், கடும் குளிரும் ஒண்ணும் பண்ணாது. கலர் முழுக்க இதுல தான். அடுக்குப் பூ வகைக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, கென்ட்ல நர்சரி வெச்சிருந்த எலிசபெத் ஸ்ட்ராங்மன் 1971ல மாண்டிநீக்ரோ மலைல ரெண்டு அடுக்குப் பூச் செடியக் கண்டுபிடிச்சாங்க, இன்னைக்கு கடைல இருக்கற பல அடுக்கு ஹெல்லிபோருக்கு மூல ரத்தம் அதுல இருந்து வந்தது. ஒரு பெண்மணி மலையேறிக் குனிஞ்சு பார்த்ததால நம்ம வாசல்ல அடுக்குப் பூ இருக்குங்கறது எனக்கு எப்பவுமே பெரிய சந்தோஷம்.

பூ நிமிர்ந்து பக்கவாட்டுல பார்க்கணும், இலையும் அழகா இருக்கணும்னா டெவன்ல ராட்னி டேவி உருவாக்கின மார்பிள்டு வகைகளப் பாருங்க, ஆனாஸ் ரெட், பென்னிஸ் பிங்க்னு பேரு, இலைல வெள்ளி நரம்பு ஓடும். விலை கொஞ்சம் கூட, ஆனா ஒரு செடியா வாங்குறவங்களுக்கு நான் இதத் தான் சொல்லுவேன்.

அந்த லேலண்டி அடி மாதிரி வறண்ட நிழலுக்கு ஃபீட்டிடஸ். பிரிட்டனோட சொந்தச் செடி, சுண்ணாம்பு மண்ணுல காட்டுலயே வளரும். பச்சை மணி மணியா பூ, ஓரத்துல மெலிசா ஊதாக் கோடு. இலையக் கசக்கினா ஒரு மாதிரி நாறும், கசக்காட்டி ஒண்ணும் தெரியாது. இந்தச் செடி சில வருஷத்துல போயிடும், ஆனா தானா விதை விழுந்து புதுசு வந்துட்டே இருக்கும். வெயில் கொஞ்சம் ஜாஸ்தியா வர்ற இடம்னா கோர்சிகன் ஹெல்லிபோர், ஆர்குட்டிஃபோலியஸ், முள்ளு முள்ளா ஓரம் வெச்ச பெரிய இலை, ஆளு பெருசா வளரும்.

வாங்கற நேரம் ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரை, பூவோட. விதைல இருந்து வளர்த்த செடில ஒவ்வொண்ணும் ஒரு நிறம், லேபிள்ல இருக்கற ஃபோட்டோவ நம்பாதீங்க, பூவத் தூக்கிப் பார்த்து வாங்குங்க. இலைல கறுப்புக் கோடு கோடா இருந்தா அந்தத் தொட்டியத் தொடவே வேண்டாம், காரணம் நோய்ப் பகுதில இருக்கு.

நடுறது

கையுறை போடாம இந்தச் செடியத் தொடாதீங்க. முழுச் செடியும் விஷம், வேர், இலை, விதை எல்லாம், சாறு பட்டா சிலருக்குத் தோல் அரிக்கும், கொப்பளிக்கும். நம்மூர்ல அரளி மாதிரி தான், வீட்டு முன்னாடி இருக்கும் ஆனா வாயில வைக்க மாட்டோம் இல்லையா. குழந்தை எதையும் வாயில போடுற வயசுல இருந்தா, நாய் செடியக் கடிக்கிற நாய்னா, கொஞ்ச வருஷம் கழிச்சு நடுங்க. விஷம்ங்கறதால ஒரு நல்லதும் இருக்கு, மானும் முயலும் பெரும்பாலும் கிட்ட வராது.

செப்டம்பர், அக்டோபர் நடுறதுக்கு நல்ல நேரம், மண்ணு இன்னும் சூடா இருக்கும், மழையும் ஆரம்பிச்சிருக்கும். பூவோட பிப்ரவரில வாங்கினத உடனேயும் நடலாம், தரை உறைஞ்சு இல்லாம சகதியா இல்லாம இருந்தா போதும்.

தொட்டிய ஒரு பக்கெட் தண்ணில முக்கி குமிழி நிக்கிற வரைக்கும் விடுங்க. தொட்டிய விட ரெண்டு மடங்கு அகலத்துக்குக் குழி, அடி மண்ண ஃபோர்க்கால நல்லாக் கிளறி விடுங்க, இதோட வேர் ஆழமா இறங்கும். தோண்டின மண்ணோட மக்கின கம்போஸ்ட், கிடைச்சா மக்கின இலை, ரெண்டையும் தாராளமா கலந்துக்கோங்க. களிமண்ணா இருந்தா குழிக்குள்ள மட்டும் கம்போஸ்ட் ரொப்பறது தப்பு, அது கிண்ணம் மாதிரி தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும், சுத்தி ஒரு சதுர மீட்டருக்கு மண்ணையே திருத்தணும். அமிலம் இல்லாத மண்ணு, கொஞ்சம் சுண்ணாம்பு கலந்திருந்தாலும் இதுக்கு சந்தோஷம் தான், அசேலியா கமேலியாவுக்குன்னு விக்கிற எரிகேஷியஸ் கம்போஸ்ட் மட்டும் போட்டுடாதீங்க.

ஆழம் தான் முக்கியம். தண்டு கிளம்புற முடிச்சு மண் மட்டத்துக்கு சமமா இருக்கணும், மூடிட்டீங்கன்னா இலை வரும், பூ வராது, அழுகவும் வாய்ப்பு. நைகர் இதுல ரொம்பக் கறார். செடிக்குச் செடி 45 செமீ விடுங்க, சின்னதா இருக்கும்போது இடைவெளி ஜாஸ்தியாத் தெரியும், மூணு வருஷத்துல மூடிடும். நட்டு முடிச்சு ஒரு கேன் தண்ணி முழுசா ஊத்தணும், மழை வரும்னு விட்றாதீங்க. மேல 5 செமீக்கு மக்கின இலை பரப்புங்க, முடிச்ச மட்டும் விட்டு.

தரை இல்லாம தொட்டி தான் இருக்குன்னா ஆழமான தொட்டியா எடுங்க, ஜான் இன்னஸ் நம்பர் 3 கம்போஸ்ட் போடுங்க, அடிய செங்கல் மேல தூக்கி வைங்க.

டிசம்பர்ல பழைய இலைய வெட்டணும், ஆனா எல்லாத்துலயும் இல்ல

இந்த வேலைய ஒழுங்கா செஞ்சவங்க தோட்டத்தையும் செய்யாதவங்க தோட்டத்தையும் பிப்ரவரில பக்கத்துல பக்கத்துல பார்த்தா நம்ப மாட்டீங்க, ஒண்ணுல பூ தெரியும், இன்னொண்ணுல பழுப்புப் புள்ளி விழுந்த தோல் மாதிரி இலை தான் தெரியும்.

ஹைப்ரிடஸ் வகைல, நவம்பர் கடைசி டிசம்பர்ல, நடுவுல கீழ பாருங்க, மண்ணுக்குப் பக்கத்துல குண்டு குண்டா வெளிர் பச்சையா, சிலதுல ரோஸா, மொட்டு முளை கிளம்பியிருக்கும். அத சுத்தி போன வருஷ இலை தரைல சாய்ஞ்சு கிடக்கும். ஒவ்வொரு இலையா பிடிச்சு, காம்பு வழியா கையக் கீழ வரைக்கும் கொண்டு போய், அடில தரையோட்டி வெட்டுங்க. மொத்தமா கொத்தாப் பிடிச்சு நறுக்கினா உள்ள இருக்கற மொட்டுத் தண்டும் சேர்ந்து போயிடும், ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி தான் இருக்கும், அதனால அவசரமே படக் கூடாது. எல்லா இலையும் போனா செடி செத்துடுமோன்னு பயப்பட வேண்டாம், பூவோட சேர்ந்து புது இலை வந்துடும். வெட்டினத கம்போஸ்ட் குவியல்ல போடாம கவுன்சில் எடுத்துட்டுப் போற தோட்டக் கழிவு பின்ல போடுங்க, இலைப்புள்ளி பூஞ்சை அதுல தான் உக்காந்திருக்கும்.

நைகர்ல கெட்டுப் போன இலைய மட்டும் எடுங்க. ஃபீட்டிடஸ், கோர்சிகன் ரெண்டுலயும் டிசம்பர்ல கத்தரியே எடுக்காதீங்க, ஏன்னா அதுல போன வருஷம் வளர்ந்த இலைத் தண்டோட நுனில தான் பூவே வரும், வெட்டினா அந்த வருஷம் பூ அவ்ளோ தான். அதுகளுக்கு பூ முடிஞ்சு மே மாசத்துல பூத்த தண்ட அடியோட எடுத்துடுங்க, பக்கத்துல புதுத் தண்டு ரெடியா நிக்கும்.

டொராண்டோ பக்கம் இருக்கறவங்க இத டிசம்பர்ல செய்யாம, பனி உருகினதும் மார்ச்ல செய்யுங்க, அங்க அடிக்கிற குளிர்க் காத்துக்கு பழைய இலையே முளைக்குப் போர்வை. பூவும் அங்க மார்ச் கடைசி ஏப்ரல்ல தான் வரும்.

பூக்குற நேரத்துல

உறைபனி விழுந்த காலைல ஜன்னல் வழியா பார்த்தா பூத்தண்டு எல்லாம் தரைல படுத்துக் கிடக்கும், செடி போச்சுன்னு தோணும். தொடாதீங்க, வெந்நீரும் ஊத்தாதீங்க. தண்டு உறைஞ்சு வெடிச்சிடாம இருக்க செடி செய்ற ஏற்பாடு தான் அது, பனி விலகினதும் மதியத்துக்குள்ள எழுந்து நிக்கும்.

நத்தை பூவ அரிச்சுத் தின்னும். சாயங்காலம் டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பொறுக்குறது தான் சிறந்த வழி, மருந்து தான் வேணும்னா ஃபெரிக் பாஸ்பேட் உருண்டை. ஷெட்ல பழைய மெட்டால்டிஹைட் டப்பா இருந்தா அதப் போடாதீங்க, பிரிட்டன்ல 2022 வசந்தத்துல இருந்து வெளில போட அதுக்குத் தடை.

வெட்டி ஜாடில வெச்சா சில மணி நேரத்துலயே தொங்கிடும், நடுவுல விதைப்பை உப்ப ஆரம்பிச்ச பூவா இருந்தா தான் ஜாடில நிக்கும். இங்கிலீஷ்காரங்க காம்பக் கிள்ளிட்டு பூவ மட்டும் கிண்ணத்துல தண்ணி ஊத்தி மிதக்க விடுவாங்க. நம்ம வீட்டு உருளி இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், புள்ளி வெச்சது, அடுக்கு, கறுப்புன்னு ஒவ்வொரு நிறத்துல ரெண்டு போட்டு தைப்பூசத்துக்கு ஹால்ல வைங்க, குனிஞ்சே இருந்த பூ அப்போ தான் முகத்த முழுசாக் காட்டும். சாமிக்கு வைக்கிற பிரசாதத் தட்டுப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க, விஷம்ங்கறது அப்பவும் விஷம் தான்.

கோடை

ஏப்ரல்ல பூ வயசாகும்போது ஒரு கைப்பிடி பொது உரம், எலும்புத்தூள் கலந்ததோ க்ரோமோரோ, செடியச் சுத்தி தூவி லேசாக் கிளறி விடுங்க. விதை வேண்டாம்னா பூத்தண்ட வெட்டிடுங்க, செடியோட சக்தி வேருக்குப் போகும்.

ஜூன்ல இருந்து எல்லாரும் இத மறந்துடுவாங்க. மரத்தடில இருக்கறதால மழை பெஞ்சாலும் தண்ணிய மரமே குடிச்சிடும், ஜூலைல மூணு வாரம் மழை இல்லாம போச்சுன்னா இலை வாடி தொங்கும், அந்த நேரத்துல தான் அடுத்த வருஷத்து மொட்டுக்கு உள்ள வேலை நடந்துட்டிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவ ஒரு கேன் தண்ணி வேருக்கு ஊத்துங்க, தினமும் தெளிக்கிறது பிரயோஜனமில்ல. ஆகஸ்ட் கடைசில தக்காளிக்குப் போடுற திரவ உரம் ஒரு தடவ குடுத்தா நல்லது. அக்டோபர்ல திரும்பவும் மக்கின இலை ஒரு அடுக்கு. பூ கம்மியா வருதுன்னு சொல்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது ஜூலைல தண்ணி ஊத்தினீங்களான்னு தான்.

ரெண்டு நோயப் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும்

இலைப்புள்ளி வேற, பிளாக் டெத் வேற. இலைல வட்டமா பழுப்பு கறுப்புப் புள்ளி, உத்துப் பார்த்தா வளையம் வளையமா இருந்தா அது பூஞ்சை, மழை ஜாஸ்தியானா தண்டுலயும் வந்து தண்டு மடங்கும். பாதிச்ச பாகத்த வெட்டி எடுத்தா செடி பிழைச்சுக்கும், டிசம்பர்ல இலை வெட்டுறதே பாதி இதுக்காகத் தான்.

பிளாக் டெத் 1990கள்ல பிரிட்டன் நர்சரிகள்ல தலைகாட்டின வைரஸ் நோய். புள்ளியா இருக்காது, நரம்பு வழியா கறுப்புக் கோடு, வலை மாதிரி பின்னி ஓடும், புது இலை சுருங்கி கோணலா வரும், செடி குட்டையாயிடும். மருந்து கிடையாது. வேரோட பிடுங்கி வெளிய அனுப்பிடுங்க, கத்தரியக் கழுவுங்க. பரப்புறது அசுவினின்னு சொல்ற சாறு உறிஞ்சற சின்னப் பூச்சின்னு கருதறாங்க, அதனால வசந்தத்துல பூவுக்குள்ளயும் இலை அடிலயும் அசுவினி மொய்ச்சா கையுறை விரலாலயே தேய்ச்சு எடுத்துடுங்க.

இன்னும் செடி வேணும்னா

ஹைப்ரிடஸ், நைகர் ரெண்டையும் செப்டம்பர்ல தோண்டி எடுத்து, மண்ணக் கழுவி, கத்தியால பிரிக்கலாம், ஒவ்வொரு துண்டுலயும் மூணு முளையாவது இருக்கட்டும். அதே கலர் வேணும்னா இது ஒண்ணு தான் வீட்டுல செய்ற வழி. ஃபீட்டிடஸ், கோர்சிகன் பிரிச்சா செத்துடும், விதை தான்.

விதைல வளர்க்கறதுக்குப் பொறுமை வேணும், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலையும் அது தான். மே ஜூன்ல விதைப்பை பச்சைல இருந்து பழுப்பாகி வெடிக்கும், கறுப்பா பளபளன்னு விதை, ஒரு பக்கத்துல வெள்ளையா கொழுப்புச் சதை ஒட்டியிருக்கும், எறும்பு அதுக்காகவே தூக்கிட்டுப் போயிடும். நகைக்கடைல குடுக்கற சின்ன வலைப்பை வீட்டுல கிடக்கும் இல்ல, அத விதைப்பை மேல மாட்டி சுருக்கிட்டா ஒண்ணு கூட சிந்தாது. எடுத்த உடனே விதைங்க, டப்பால போட்டு அடுத்த வசந்தத்துக்கு வெச்சிருந்தா காய்ஞ்சு ரொம்ப நாள் முளைக்காம அடம் பிடிக்கும். முதல்ல கோடை வெதுவெதுப்பு, அப்புறம் குளிர், ரெண்டையும் வரிசையா பார்த்தா தான் விதை கண்ணு திறக்கும், அதனால தொட்டிய வெளிலயே நிழல்ல வைங்க, மேல பொடிக்கல் ஒரு அடுக்கு, காய விடாதீங்க. குளிர்காலத்துக்குள்ளயோ வசந்தத்துலயோ முளைக்கும், முதல்ல வர்ற விதை இலைக்கு அப்புறம் நிஜ இலை ஒண்ணு வந்ததும் தனித்தனி தொட்டிக்கு மாத்துங்க.

தாய்ச் செடி அடில தானா முளைச்சு நிக்கிற நூறு குட்டியையும் அங்கயே விட்டீங்கன்னா தாயோட இடத்தப் பிடிச்சுக்கும், வேணுங்கறது நாலஞ்சு எடுத்துட்டு மிச்சத்தப் பிடுங்கிடுங்க. மூணாவது வருஷம் பூக்கும். அடுக்குப் பூவோட குட்டி ஒத்தையா வரலாம், கறுப்போட குட்டி மங்கின ஊதாவா வரலாம், பூத்ததப் பார்த்து பிடிச்சதுக்கு மட்டும் நல்ல இடம் குடுங்க, மிச்சத்த தெருவுல வடக்கு பார்த்த தோட்டம் வெச்சிருக்கற யாருக்காவது கையுறை போடணும்ங்கற விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிக் குடுத்துடுங்க.